பேரிங்கில் வைத்த பொட்டு

என் செல்லத் தம்பி லோகுவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் போட்டோவிடம் வாயால் பேசிப் பார்த்தேன், பாதிக்கு மேல் போக முடியவில்லை. எழுதினால் முழுசாகச் சொல்லி முடிப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். அக்கா எதையும் சுருக்கமாகச் சொல்ல மாட்டாள் என்று உனக்குத்தான் தெரியுமே, பொறுத்துக்கொள்.

புத்தூரில் வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் பெண்டாட்டி கோகிலா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் அது பொய். சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். கொல்லைக் கதவை மட்டும் திறப்பதில்லை, திறந்தால் உன் ஷெட்டு தெரியும். அதனால்தான் உன் பேண்ட்சா மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். கோபித்துக்கொள்ளாதே.

சென்னையிலிருந்து அது லாரியில் வந்து இறங்கிய அன்று நீ பண்ணிய அலம்பல் எனக்கு மறக்கவில்லை. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடா மாதிரி ஓடுகிற பிளேடு. "வளைவு நெளிவா அறுக்கலாங்கா, வேற எந்த ரம்பத்தாலயும் இப்பிடி முடியாது" என்று தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். எம்மார்ஓ என்கிற தாசில்தார் ஆபீஸில் நாள் முழுக்கத் தெலுங்கில் ஃபைல் எழுதிவிட்டு வருகிறவனுக்குச் சாயந்திரமானால் மரத்தூள் வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு மணைப்பலகை, சுவருக்குக் கிளி, மயில் என்று எத்தனை வீட்டுக்குச் செய்து கொடுத்தாய்!

போன மாதம் சந்திரகிரியிலிருந்து முனிரத்தினம் என்று ஒரு ஆசாரி மெஷினைப் பார்க்க வந்தார். ஸ்விட்சைப் போட்டார், ஒரு கட்டையில் கோடு போட்டு உள்ளே தள்ளினார். பிளேடு கோட்டை விட்டு இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நீ அறுக்கும்போது எப்படிப் போனதோ அப்படியே போனது லோகு.

உனக்கு அது ஆரம்பித்து ஒன்றரை வருஷம் இருக்குமா? முதலில் பிளேடு சரியில்லை என்றாய், புதுசு மாற்றினாய். பிறகு மரம் ஈரம் என்றாய். கோகிலா கேட்ட பூஜை மாடத்துக்கு மேல் வளைவு அறுத்தபோது இரண்டு பக்கமும் ஒன்றாக வரவில்லை. மூன்று பலகை வீணாய்ப் போன பிறகு, மெஷினை நிறுத்திவிட்டு உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அப்போது வாயைத் திறந்தது நான்தான். "நைனாவுக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சிடா. கை ஆடுது பாரு" என்றேன்.

நம்மைப் பெற்ற நைனா கடைசிக் காலத்தில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சட்டையில் காப்பியைக் கொட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் நாம். அந்தப் பயம் எனக்குள் இருந்தது. பயத்தைப் பயமாக வைத்துக்கொள்ளாமல் நிச்சயமாகச் சொல்லிவிட்டேன். அம்மா போனபின் உனக்குச் சோறு ஊட்டியவள் நான், நான் சொன்னால் நீ மறுபேச்சுப் பேச மாட்டாய். அது தெரிந்தும் சொன்னேன்.

ஊர் உலகத்துக்கே எலும்பு கட்டுகிற புத்தூரில் இருந்துகொண்டு நரம்புக்குத் திருப்பதி போனோம். டாக்டர் உன்னைக் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். நரம்பில் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். நான் சும்மா வந்தேனா? திரும்பி வரும்போது பஸ்ஸில், "அஞ்சு நிமிசம் பாத்தவருக்கு இன்னாடா தெரியும்? அம்பது வருசமா பாத்துக்கினு கீற எனக்குத் தெரியாதா?" என்றேன். நீ சிரித்தாய். அந்தக் கார்த்திகையில் ஷெட்டைப் பூட்டினாய், பைக் ஓட்டுவதை விட்டாய், காப்பியைப் பாதி டம்ளர் போதும் என்றாய்.

முனிரத்தினம் மெஷினை நிறுத்தி, பிளேடு கைடைக் கழற்றினார். அது என்னவென்று எனக்கு அன்றுதான் தெரியும். ஓடுகிற பிளேடு ஆடாமல் இருக்க அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சின்ன பேரிங், முதுகுப் பக்கம் ஒன்று. மரத்தை வைத்துத் தள்ளுகிற மேசைக்கு மேலே மூன்று, கீழே மூன்று. பிளேடோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே அதைப் பிடித்து நேராக விடுகிற காவல்காரர்கள் அவை.

அவர் ஒன்றை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். "இதி ஏமிம்மா? சந்தனமா?"

அவர் அதை விரலால் சுற்றிப் பார்த்தார்.

"பேரிங்கு சுத்தவே இல்லம்மா. சந்தனமும் மரத்தூளும் சேந்து சிமெண்டு கணக்கா புடிச்சிக்கினு கீது. சுத்தாத பேரிங்குல பிளேடு தேச்சித் தேச்சிப் பள்ளம் வுழுந்துடுச்சி. அப்பறம் கோட்டுல எப்பிடிப் போவும்?"

"யாரு அறுத்தாலும் இப்பிடித்தான் போவுமா?" என்று கேட்டேன்.

"அந்த ஏழுமலையானே வந்து புடிச்சாலும் இப்பிடித்தான் போவும்."

உன் மரக்கட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன் லோகு. அந்தச் சந்தனம் நான் வைத்தது.

ஆறு ஆயுத பூஜை. முதல் வருஷமே பக்கத்து வீட்டம்மா சொன்னாள், தாலி அறுத்தவள் கையால் புது மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீதான் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "எங்க அக்கா வெச்சாத்தான் இந்த மெஷினு ஓடும். புடிக்காதவங்க வூட்டுக்குப் போவலாம்" என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வேன்! கண்ணில் பட்ட உருண்டை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பேரிங் ஆறும் பொட்டுக்கென்றே செய்தது போல் இருந்தன. மேசைக்குக் கீழே இருந்தவற்றுக்குக் குனிந்து, கையால் தடவிப் பார்த்து வைத்தேன்.

வைத்த பொட்டை அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். சீக்கிரம் உதிரக் கூடாது என்று கெட்டியாகக் குழைப்பேன். ஒவ்வொரு வருஷமும் பழையதன் மேலேயே புதுசு. கடைசி வருஷம் உன் கோடு கோணிக்கொண்டிருந்த நேரம், மெஷினாவது உனக்கு ஒத்துழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னும் நிறைய அப்பினேன்.

நீ ஏன் துடைக்கவில்லை? மேசையை வாரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுகிறவன், அந்த ஆறு இடத்தை மட்டும் ஏன் விட்டாய்? கண்ணில் படவில்லையா? அல்லது பட்டும், துடைத்தால் அக்கா மனசு நோகும் என்று விட்டுவிட்டாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

முனிரத்தினம் நல்ல மனுஷர். "கழுவினா ஆவாதும்மா, புது கைடு செட்டு போடணும். நான் எடுத்துக்கினு போயி என் பட்டறைல மாத்திக்கிறேன்" என்றார். வேண்டாம், இங்கேயே மாற்றுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது செட்டோடு வந்தார். பேரிங் ஒவ்வொன்றும் பழையதைவிடப் பெரியது. தூள் உள்ளே போகாமல் இரண்டு பக்கமும் மூடி போட்டிருந்தது. பழைய பிடியைக் கழற்றி, புதுசுக்கு ஏற்றபடி ஒரு இரும்புத் துண்டில் ஓட்டை போட்டு மாட்டினார். பிறகு என்னிடம் ஒரு காகிதம் கேட்டார். சுவரில் இருந்த நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அதை இரண்டாகக் கிழித்து, பிளேடுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று செருகி, நெருக்கி, திருகை முடுக்கிவிட்டுத் தாளை உருவினார். "இந்தத் தாளு கனம்தாம்மா எடம். இதுக்கு மேல வுட்டா ஆடும்." முதுகுப் பக்கத்து பேரிங்கை மட்டும் பிளேடைத் தொடாமல் மயிரிழை தள்ளி வைத்தார். மரம் வந்து தள்ளும்போதுதான் அது தாங்க வேண்டுமாம்.

"எதுல அறுத்துப் பாக்கலாம்?" என்று சுற்றிப் பார்த்தவர், சுவரில் சாய்ந்திருந்த பலகையை எடுத்தார். நீ மாடத்துக்கு வளைவு வரைந்து, அறுக்காமலே விட்ட நான்காவது பலகை. பிளேடு உன் பென்சில் கோட்டிலேயே போனது. வளைந்த இடத்தில் வளைந்து, நிமிர்ந்த இடத்தில் நிமிர்ந்து, அவர் பாதியில் நிறுத்தும்வரை கோட்டை விட்டு விலகவில்லை.

மீதிப் பாதியில் இருந்த உன் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். அதில் ஒரு நடுக்கமும் இல்லை. கை ஆடுகிறவன் போடுகிற கோடா அது? ஒரு வருஷத்துக்கு மேலாக அது அங்கேயேதான் நின்றது. நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் பெருக்கினேன். முனிரத்தினத்துக்கு முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. மெஷினை அவர் மறுநாள் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்.

கோகிலாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று சாயந்திரமே சொன்னேன். அவள் முறத்தில் துவரம்பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம், பேரிங், டாக்டர், பஸ்ஸில் நான் பேசியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் கை மட்டும் நின்றது. "அப்ப அவரு கொழந்தயத் தூக்கி இருக்கலாம், இல்ல அண்ணி?" என்றாள்.

நான் அதுவரை அதை நினைக்கவே இல்லை லோகு. சத்தியமாக நினைக்கவில்லை.

உன் மகள் திவ்யா பிரசவத்துக்கு வந்து, பிள்ளையோடு மூன்று மாதம் இந்த வீட்டில்தான் இருந்தாள். நீ தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அவள் நீட்டுவாள். "ஒரு வாட்டி தூக்கு நைனா." நீ தலையை ஆட்டுவாய். "வேணாம்மா, கை ஆடும். போட்டுட்டா இன்னா பண்றது?" நான் பக்கத்திலேயே நின்று, "ஆமாண்டி, வேணாம் வுடு" என்று ஒத்து ஊதினேன். நாளைக்குத் தூக்கலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில், குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, உன் நெஞ்சு நின்றுபோனது.

குழந்தைக்கு இப்போது பத்து மாதம். திவ்யா வீடு இருக்கும் ஸ்ரீ சிட்டியிலிருந்து வரும்போதெல்லாம் யார் கை நீட்டினாலும் தாவுகிறாள். என்னிடமும் தாவுகிறாள். வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழும்பமாட்டேன் என்கிறது, ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒருநாள் அவள் போட்டோக்களை எல்லாம் பார்ப்பாள். தாத்தா ஏன் ஒன்றில்கூட என்னைத் தூக்கவில்லை என்று கேட்பாள். பாவம், அவருக்குக் கை சரியில்லை என்று யாராவது சொல்ல வருவார்கள். சொல்ல விடமாட்டேன். உன் தாத்தாவுக்குக் கை நன்றாகத்தான் இருந்தது, கண்ணு. அவர் உன்னைத் தூக்காமல் போனது என் வாயால். இதை நானே, என் வாயாலேயே, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதன் பிறகு அவள் என்னிடம் தாவாமல் போனாலும் சரி.

இது உன்மேல் ஆணை.

இல்லாத நோயை உனக்குச் சொன்ன,
உன் அக்கா சரோஜா