இரண்டு நிமிடத்தில் தானாக ஓடும்

குன்னூர்
12 ஜூன் 2024

அன்புள்ள கோகிலவாணிக்கு,

ராஜப்ரியா எழுதுகிறேன். உறைமேல் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிது. உன் போன் எட்டு மாதமாக அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் ரவிக்குமார் கடை விலாசத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். உன் தம்பி கடையில் நீதான் உட்காருகிறாய் என்று நம் குழு ஜெகதீசன் சொன்னான்.

நீ இல்லாமல் ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். ஏழு வருஷம் ஒரே மேசை. தேயிலை ஃபேக்டரி மெஷின்களை ஓட்டும் மென்பொருளை என் குழு எழுதும், அதை எப்படி இயக்குவது என்று நீ கையேடு எழுதுவாய். இப்போது உன் நாற்காலியில் ஸ்டெபி என்று ஒரு பெண். நல்ல கெட்டிக்காரி. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை முடித்துக் கொடுக்கிறோமே, அந்தக் கடைசி வியாழக்கிழமைதான் எல்லாமே அவள் தலையில் போய் விழுகிறது. போன வாரம் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அவளை எப்படிக் குழுவுக்குள் கொண்டுவருவது? உனக்குத்தான் தெரியும். சண்டையைப் பிறகு போடலாம், இதை முதலில் சொல்.

அழகையா விஷயமும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஃபேக்டரியில் இலை காயவைக்கும் டிரையர் பெல்ட்டில் அவர் விரல் போனது, கம்பெனி அதைக் கையேட்டுப் பிழை என்று எழுதியது, அன்று சாயங்காலமே நீ ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனது. பேனா அங்கே வந்ததும் நின்றுவிடுகிறது. நீ இருக்கும் அரவேணுவுக்குப் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். பிப்ரவரியில் ஒருநாள் உன் கடைக்கு எதிரில் இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பினேன்.

உன் பழைய
ப்ரியா


அரவேணு
20 ஜூன் 2024

ப்ரியா,

கடிதம் வந்தது. கிழிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஸ்டெபி அழுதாள் என்ற வரி கண்ணில் பட்டுவிட்டது.

அந்தப் பெண்ணை முதலில் காலைக் கூட்டத்துக்குள் விடு. தினமும் பத்து மணிக்குப் பலகை முன்னால் நின்று பதினைந்து நிமிடம் பேசுவீர்களே, அதற்கு. என்னை நீ ஏன் விடவில்லை என்று நினைவிருக்கிறதா? “உனக்கெதுக்கு கோகி இந்த நிக்கற வேல, நீ உக்காந்து எழுது, நான் கடைசீல சொல்லிப்போடறேன்” என்றாய். அக்கறையாகத்தான் சொன்னாய். நானும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஏழு வருஷம் உட்கார்ந்தே இருந்தேன். நின்று பேசுகிறவர்களுக்குத்தான் விஷயம் தெரியும், உட்கார்ந்தவளுக்கு மீதிதான் வரும் என்று புரிய இவ்வளவு நாள் ஆயிற்று.

உங்கள் பலகையில் “முடிந்தது” என்ற பகுதிக்கு ஒரு வேலைச் சீட்டை நகர்த்துவதற்கு முன்னால் அதற்கான கையேட்டுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வேலை முடியவில்லை. ஜெகதீசன் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும். அதைவிட நல்லது, அவன் மென்பொருளை எழுதத் தொடங்கும் முன்பே ஸ்டெபி அந்தப் பக்கத்தை எழுதிப் பார்க்கட்டும். அவளால் எழுத முடியாத இடத்தில் உங்களுக்கும் தெளிவில்லை என்று அர்த்தம்.

இங்கே நான் சும்மா இல்லை. கடையில் விற்கிற, செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை எப்படிக் கழுவுவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். முதலில் தம்பியிடம் கொடுத்து, படித்தபடியே கழற்றச் சொல்வேன். “ஏனக்கா, இதுல சொல்றாப்பல திருகுனா மொகத்துலல்ல பீச்சுது?” என்று கத்துவான். அந்த வரியை மாற்றுவேன். அவன் கத்தாத நாளில்தான் பக்கம் சரியாகிறது.

ஸ்டெபியைப் பற்றிக் கேட்டாய். அழகையா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை. மெஷின் பக்கமே விடாமல் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டிருக்கிறார்கள்.

கோகிலவாணி


குன்னூர்
14 ஜூலை 2024

அன்புள்ள கோகி,

நீ “ப்ரியா” என்று மட்டும் போட்டிருந்தாய். “அன்புள்ள” இல்லை. இருந்தாலும் அந்தக் கடிதம் மூன்று வாரமாக என் கைப்பையில்தான் இருக்கிறது.

நீ சொன்னபடி செய்தோம். ஸ்டெபி காலையில் எங்களோடு நிற்கிறாள். முதல் நான்கு நாள் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள், ஜெகதீசன் ஒரு புதிய சீட்டைப் படித்ததும், “சார், நடுவுல கரண்டு போயி வந்தா மெஷின் நின்ன எடத்துல இருந்து ஓடுமா, மொதல்ல இருந்தா? நான் என்னன்னு எழுதறது?” என்று கேட்டாள். மலையில் மழைக்காலத்தில் கரண்டு போகாத நாளே கிடையாது, ஆனால் எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஜெகதீசன் சீட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான்.

பக்கம் இல்லாமல் எதுவும் “முடிந்தது” ஆகாது என்று விதி வைத்தேன். போன இரண்டு வாரச் சுற்றில் பதினோரு சீட்டில் ஏழுதான் முடிந்தது. மேலே இருப்பவர்கள் ஏன் குறைந்தது என்றார்கள். இதற்கு முன்னால் எண்ணியதுதான் தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது உன் ஞாபகம் வந்தது.

இனியும் சுற்றி வளைக்கவில்லை. அந்த வியாழக்கிழமை மத்தியானம் உன் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டன. நான்கு மணிக்கு ஃபேக்டரியிலிருந்து போன். ‘நிறுத்து’ பொத்தானை அழுத்திவிட்டு ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், இலை கருகிப்போகிறது, பெல்ட் தானாக ஓடும்படி செய்யுங்கள் என்றார்கள். ஜெகதீசன் ஒரு மணி நேரத்தில் மாற்றினான். ஒருமுறை அழுத்தினால் இரண்டு நிமிடம் நின்று தானாக ஓடும், முழுதாக நிற்க இரண்டாம் முறை அழுத்த வேண்டும். அந்தச் சீட்டை “முடிந்தது” பக்கம் ஒட்டியது நான்தான். மறுநாள் உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் மறந்தே போனேன்.

விசாரணையில், எழுதுகிறவருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று கேட்டார்கள். நீ எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய். “எல்லார்த்துக்கும் சொல்லியாச்சுங்க” என்றேன். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். நீ மறுத்துப் பேசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். உன் பெருந்தன்மைதான் என்னை அரிக்கிறது. என்னை மன்னித்துவிடு. திரும்பி வந்துவிடு. ஸ்டெபியோடு இரண்டு பேராக இருக்கலாம்.

ப்ரியா


அரவேணு
19 ஜூலை 2024

ப்ரியா,

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழகையா வீட்டுக்குப் போவேன். எஸ்டேட் தொழிலாளர் லைன் வரிசையில் கடைசி வீடு. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர், நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் நம் கையேட்டை முழுதும் படித்தவர் அந்த ஃபேக்டரியில் அவர் ஒருவர்தான். “‘நிறுத்து’ பொத்தானை ஒருமுறை அழுத்தவும். பெல்ட் நின்றதும் சிக்கிய இலையைக் கையால் எடுக்கலாம்.” அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். அவர் அப்படியேதான் செய்தார்.

அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா? “நாந்தான் சரியா வாசிக்கலைங்கம்மா. படிச்ச ஆளா இருந்தா வெளங்கியிருக்கும்” என்கிறார். ஒன்பது மாதமாக ஒரு மனிதர் தன் படிப்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியிலிருந்து ஒருவரும் அவரிடம், நீ சரியாகத்தான் படித்தாய் என்று சொல்லவில்லை.

போய்ச் சொல். எழுத்திலும் கொடு. உன் அறிக்கையையும் திருத்து.

நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். இப்போது கேட்காதே.

கோகிலவாணி


குன்னூர்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கோகி,

செய்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கும் ஃபேக்டரிக்கும் அனுப்பினேன். எழுதியவருக்குத் தெரிவிக்கவில்லை, அவருக்கு எதுவும் தெரியாது, விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழுவை இனி ஜெகதீசன் நடத்துவான். நான் அவன் கீழே ஓர் ஆள். காலைக் கூட்டத்தில் ஸ்டெபிக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

நேற்று அழகையா வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. அவர் மனைவி சின்னம்மை துண்டு எடுத்துக் கொடுத்தார். நான் யார் என்று சொன்னதும் துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன், வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை மாற்றினது நாங்கள், சொல்லாமல் விட்டது நான், புத்தகத்தில் இருந்ததை நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள் என்றேன்.

அவர் எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்து வந்தார். இன்னும் வைத்திருக்கிறார், கோகி. அந்தப் பக்கத்தைப் பிரித்து, இடது கை விரலை வைத்து, எழுத்துக் கூட்டி மனைவிக்குக் கேட்கும்படி படித்தார். படித்து முடித்து, “அப்ப நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. சின்னம்மைதான், “அன்னைக்கிலயிருந்து இந்த மனுசன் பஸ் போர்டுகூட வாசிக்கிறதில்ல. பேரப்புள்ளைய வாசிக்கச் சொல்லித்தான் ஏறுது” என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பதினெட்டாம் தேதி காலை பத்து மணி பஸ்ஸில் அரவேணு வருகிறேன். இந்த முறை அதே பஸ்ஸில் திரும்ப மாட்டேன். நிறுத்தத்தில் நில்லேன். ஒன்றும் பேச வேண்டாம், ஒரு டீ குடித்தால் போதும்.

உன்
ப்ரியா


அரவேணு
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ப்ரியா,

நீ செய்தது பெரிய காரியம். என்னால் பத்து மாதம் முடியாததை நீ மூன்று வாரத்தில் செய்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதத்தில் “அன்புள்ள” போட்டிருக்கிறேன். ஆனால் உன் அறிக்கையில் ஒரு வரி தப்பு. எழுதியவருக்குத் தெரியாது என்று இருக்கிறது. எனக்குத் தெரியும்.

நீ சீட்டை ஒட்டிய மறுநாள், வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கேன்டீனில் டீ வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஜெகதீசன் யாரிடமோ, “இனி ரெண்டு நிமிசத்துல தானா ஓடீரும்டா, பிரச்சன தீந்துச்சு” என்று சிரித்தான். எந்த மெஷின், எந்தப் பொத்தான் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. என் பக்கத்தில் எந்த வரி தப்பாகிவிட்டது என்பதும் புரிந்தது. அச்சகத்தில் சனிக்கிழமைதான் மெஷினில் ஏற்றுவார்கள். ஒரு போன் போட்டிருந்தால் நிறுத்தியிருக்கலாம்.

போடவில்லை. வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். ஏழு வருஷமாக மீதியையே வாங்கிக்கொண்டவளுக்கு அன்று ரோஷம் வந்துவிட்டது. குழுவில் நானும் ஓர் ஆள் என்றால் ப்ரியா என் மேசைக்கு வந்து சொல்வாள், அதுவரை எனக்கு எதுவும் தெரியாது என்று உட்கார்ந்துகொண்டேன். சனிக்கிழமை உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மத்தியானம் நாம் ஒன்றாகச் சாப்பிட்டோம். நீ உன் மகள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவைப் பற்றிப் பேசினாய். நானும் கேட்கவில்லை. பிறகு புத்தகம் வந்தது, ஃபேக்டரிக்குப் போனது. இனி சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்பார்களே என்று பயந்தேன். பதினாறாம் நாள் அழகையாவின் விரல்கள் போயின.

விசாரணையில் நீ “எல்லார்த்துக்கும் சொல்லியாச்சு” என்றபோது நான் தலை குனிந்தது பெருந்தன்மையால் அல்ல. நீ பொய் என்று தெரிந்தே சொன்னது, என் விஷயத்தில் பாதி உண்மையாகிவிட்டது. அதற்கு எப்படி மறுப்புச் சொல்வேன்? பத்து மாதமாக நீ என்னை நல்லவள் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டெபிக்காக நீ கேட்டபோது இதை மட்டும் எழுதாமல் விட்டேன். அவளிடம் சொல். கூப்பிடவில்லை என்றால் தானாகப் போய் நிற்க வேண்டும். யாரும் சொல்லவில்லை என்றால் கேட்க வேண்டும். சண்டை போட்டாவது கேட்க வேண்டும். கையேட்டைப் படிக்கிறவருக்கு நம் ரோஷம் தெரியாது, எழுதியிருப்பதை நம்பிக் கையை நீட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தில் நிற்க மாட்டேன், ப்ரியா. வராதே. அன்றைக்கு நான் அழகையா வீட்டில் இருப்பேன். இத்தனை ஞாயிறும் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனவள், இந்த முறை வெறுங்கையோடு போய் இதைச் சொல்லப் போகிறேன். அதன் பிறகு அவர்கள் என்னை வீட்டுக்குள் விடுவார்களா என்று தெரியாது. உன் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்க எனக்கு இன்னும் வராது. எப்போது வரும் என்றும் சொல்லத் தெரியவில்லை.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அறிக்கையோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிடு. அனுப்பும் முன் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை.

கோகி