ரைட் என்றால் போ, ஓல்டான் என்றால் நில்

என் அன்புச் சிவகாமிக்கு,

"அண்ணின்னு ஆரம்பிடி" என்பாய். மாட்டேன். உன்னைவிட நான் மூன்று மாதம் மூத்தவள். எங்கள் அண்ணனுக்கு உன்னைப் பேசி முடித்ததால் நான் சின்னவளாகிவிட முடியாது. நீ இருந்தபோதே ஒத்துக்கொள்ளாததை இப்போது மட்டும் ஒத்துக்கொள்வேனா?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக விமானம் ஓட்டிவிட்டேன். பக்கத்துச் சீட்டில் சொல்லிக்கொடுக்கும் கேப்டன் இல்லை, யாருமே இல்லை. ஏற்றினேன், ஒரு சுற்று வந்தேன், இறக்கினேன். நீ இதையெல்லாம் முடித்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு வாய்த்தது என்று நீ சொல்லிக்காட்ட வேண்டாம், எனக்கே தெரியும்.

போனவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் எழுதுகிறார்கள். நான் உண்மையை எழுதுகிறேன், ஊரே படிக்கட்டும். உன்மேல் எனக்குப் பொறாமை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த வாரத்திலேயே ஆரம்பித்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் தீர்ந்தபாடில்லை.

ஒரே மாவட்டத்துக்காரிகள் என்று நம் இருவருக்கும் ஒரே அறையைக் கொடுத்தார்கள். நீ சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் மகள். நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரி, கடலூர் சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவர் மகள். எங்கள் அண்ணன் சிங்கப்பூரில் வெயிலில் நின்று சம்பாதித்து என்னைப் படிக்க வைத்தான். அதனால் நான் தோற்றுப்போனால் அது என்னோடு போகாது.

நீ விமானத்தை இறக்கியதை முதன்முதலில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எரியும் விளக்கைத் தரையில் வைப்பது போல வைத்தாய். சக்கரம் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கேப்டன் வாயே திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வடநாட்டு மனிதர் பேசாமல் இருந்தால் அதுதான் பாராட்டு. என்னோடு பறக்கும்போது அவர் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை.

எனக்கு ஓடுபாதையைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கும். மேலே போய்விட்டால் ஒன்றுமில்லை, பாட்டுக்கூடப் பாடுவேன். தரையை விடும்போதும் தரையைத் தொடும்போதும்தான் பயம். ஓட ஆரம்பித்ததும் விமானம் இடது பக்கம் இழுக்கும், வலது காலால் மிதித்துச் சரிசெய்ய வேண்டும். கேப்டன் "ரைட், ரைட்" என்று கத்துவார். நான் கையில் இருக்கும், வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுசாகத் தள்ளுவேன். காலை அசைக்க மாட்டேன். விமானம் புல்லைப் பார்த்துப் போகும்.

இறங்கும்போது இன்னும் மோசம். தரைக்குச் சற்று மேலே விமானத்தின் மூக்கைத் தூக்கி, அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். "ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன்" என்பார். உடனே என் இரண்டு காலும் பிரேக்கை அழுத்திவிடும். பிரேக் பிடித்த சக்கரத்தோடு தரையில் இடித்து, டயர் கருகிய நாற்றம் வரும். "உனக்குக் காது இல்லையா?" என்று கேட்பார்.

அதைக் கண்டுபிடித்ததும் நீதான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. மெஸ்ஸில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாய்.

"ஏண்டி அமுதா, உங்கப்பா கண்டக்டர்தானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ரைட்டுன்னா உனக்குக் கெளம்புன்னு கேக்குது. ஓல்டான்னா நிறுத்துன்னு கேக்குது. நீ பொறந்ததுலேர்ந்து பஸ்லதானேடி வளந்த."

சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காதுக்குள் இருந்ததை நீ எப்படிப் பார்த்தாய்? கேப்டனிடம் நான் சொல்கிறேன் என்று கிளம்பியவளைப் பிடித்து உட்கார வைத்தேன். வெட்கக்கேடு, சொன்னால் உன்னோடு பேச மாட்டேன் என்றேன். நீயும் சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகாவது கால் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொல் காதில் விழுந்தால் கால் தன் வேலையைப் பார்த்துவிடும்.

ஆனால் எங்கள் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று நான் உன்னிடம் சொல்லி வைக்கவில்லை. அந்த லீவில் இருவரும் ஊருக்கு வந்தோம். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த காலம். ஊரே பஸ்ஸில்தான் தொங்கியது. அந்தக் கூட்டத்திலும் அப்பா உனக்கு முன்சீட்டைப் பிடித்துக் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் நீ முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டாய். அப்பா டிக்கெட் கொடுக்கிறதை விட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்கு வந்தா எப்படி இருக்கும்" என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாராம். அண்ணன் லீவில் வந்தான், உன்னைப் பார்த்தான், கவிழ்ந்தான். உங்கள் வீட்டில் நீ பிடித்த பிடிவாதத்தில் உன் அப்பாவும் இறங்கி வந்தார். எனக்கு இருந்தது ஒரு தோழி, ஒரு அண்ணன், ஒரு அப்பா. மூன்று பேரும் ஒரே பக்கம் போய்விட்டீர்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் உனக்குக் கூறைப்புடவை எடுத்தோமே, மயில்கழுத்து நிறம். அதை முதலில் எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தவள் நான். "மருமவளுக்கு எடுப்பா இருக்கும்" என்று அப்பா என் தோளிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் புடவையை அப்பா கீழவீதிக்கு எடுத்து வந்து உன்மேல் போர்த்தினார். "எங்க வூட்டுப் பொண்ணும்மா நீ" என்று சொல்லிச் சொல்லி அழுதார். உன் காலைப் பிடித்துக்கொண்டு நானும் கதறினேன். அந்த அழுகைக்கு நடுவில்கூட, அந்தப் புடவையில் நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது, சிவகாமி. என்ன ஜென்மம் நான்?

திரும்பிப் போனேன். உன் கட்டிலில் வேறு யாரையும் போடவில்லை. முன்பைவிட மோசமாக இடித்தேன். நீ இனிமேல் ஒருநாளும் மோசமாக இறக்க மாட்டாய், கேப்டன் கண்ணில் உன் விமானம் எப்போதும் அந்த விளக்கு மாதிரிதான் வந்து அமரும். உன்னோடு நான் எப்படிப் போட்டி போட முடியும்? ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், சரிவரவில்லை என்றால் உன் வீட்டுக்கு நானே போன் செய்து சொல்கிறேன் என்றார். எனக்கு அண்ணனின் முகம் கண்முன் வந்தது. உன்னை இழந்த மறுவாரமே வேலைக்குப் போனவன் அவன், லீவு கிடையாது.

வெட்கத்தை விட்டேன். "சார், எங்கப்பா பஸ் கண்டக்டர்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "நிற்கவும் கூடாது, வேகமும் கூடாது, மெதுவாக வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் உன் அப்பா டிரைவரிடம் என்ன சொல்வார்?" என்று கேட்டார்.

எனக்குப் பளிச்சென்று வந்தது. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது அப்பா பின்பக்கம் நின்று தட்டிக்கொண்டே சொல்வது. "வரட்டும், வரட்டும் சார்."

வலது காலுக்குச் சோத்தாங்கால் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் வாயில் அது முழுசாக நுழையவில்லை. மறுநாள் ஓடுபாதையில் அந்த மனிதர் "சோத்து, சோத்து" என்று கத்தியதை நீ கேட்டிருக்க வேண்டும், நிச்சயம் மயங்கி விழுந்திருப்பாய். என் வலது கால் தானாக மிதித்தது. விமானம் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. இறங்கும்போது "வர்ட்டம், வர்ட்டம்" என்றார். என் கால்கள் சும்மா இருந்தன. கை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார், நீ போ என்றார். பக்கத்தில் குரல் இல்லாமல் போனதும் பயம் பழையபடி வந்தது. நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். ஏறும்போது சோத்து, இறங்கும்போது வரட்டும். உன் மாதிரி விளக்கு வைக்கவில்லை, பலகையை வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆனால் டயர் கருகவில்லை. "பாதுகாப்பாக இருந்தது" என்றார் கேப்டன். "சிவகாமி..." என்று எதையோ தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

நேற்று ஊருக்கு வந்து நேராக அப்பா பஸ்ஸில் ஏறினேன். உன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான். முன்சீட்டில் உட்கார வைத்தார். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மாவிடம், "எங்க பொண்ணு தனியா பிளேன் ஓட்டிட்டா" என்றார். அந்த அம்மா வாயில் கை வைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா நிறுத்தவில்லை.

"மொதல்ல ஓட்டுனது எங்க மருமவ. இவ ரெண்டாவது. வரட்டும்னு சொல்லிக்கிட்டே எறக்குவாளாம். அதெல்லாம் அந்தப் பொண்ணு யோசனையாத்தான் இருக்கும், அதுக்கு அறிவு ஜாஸ்தி."

என் யோசனை, சிவகாமி. நான் மானத்தை விட்டுச் சம்பாதித்தது. அதையும் உன் கணக்கில் எழுதிவிட்டார். வாயைத் திறந்தேன். அப்பா உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்கள். அப்பா பின்பக்கம் நின்று தட்டினார். வரட்டும், வரட்டும் என்றார். மூன்றாவது வரட்டும் வரவில்லை. துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பஸ் பின்னால் வந்துகொண்டே இருந்தது, அப்பாவுக்குப் பின்னால் சுவர்.

நான் ஓடிப்போய் பஸ்ஸின் முதுகில் ஓங்கி அறைந்தேன். "ஓல்டான்" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். பஸ் நின்றது.

அப்பா துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் கொரலு அப்படியே இருக்குடி ஒனக்கு" என்றார்.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த வரட்டும் உன் யோசனை என்று அப்பா இனி எத்தனை பேரிடம் சொன்னாலும் நான் திருத்த மாட்டேன். அதை நீயே வைத்துக்கொள். முதலில் ஓட்டியவளும் நீயாகவே இரு, அந்தப் புடவையும் உன்னோடு இருக்கட்டும். ஓல்டான் மட்டும் என்னுடையது. அதை உனக்குத் தர மாட்டேன்.

பொறாமை தீராத உன் நாத்தனார்,
அமுதா

பின்குறிப்பு: எழுதிவிட்டேன், பார்த்தாயா, அண்ணி.