வயிற்றுக் கட்டி என்று சொன்னார்கள்

இன்று காலை ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாடை பட்டதும் நீ படுத்திருந்த வார்டு நினைவுக்கு வந்துவிட்டது. நான் நின்றது ஆஸ்பத்திரியில் இல்லை. உன் மகள் கயல் படிக்கும் கல்லூரி அரங்கில். எச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பேசவும் போடவும் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். பெற்றோரும் வரலாம் என்றிருந்தார்கள். "பொம்பளைங்க சமாச்சாரம் டீச்சர், நீங்க போயிட்டு வாங்க" என்று உன் வீட்டுக்காரர் என்னை அனுப்பிவிட்டார்.

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், தெப்பத் திருவிழாவுக்கு வண்டியூருக்குச் சேர்ந்துதான் போவோம். கடைசியாகச் சேர்ந்து போனபோது நீ மாரியம்மன் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டாய்.

"நான் உள்ள வரலக்கா. தூரம்."

"ஒனக்குத்தான் நின்னு வருசக்கணக்காச்சே?"

"நின்னது திரும்பியிருக்கு. மறுபடி குமரியாயிட்டேன் போல."

சிரித்தாய். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பரீட்சை முடியட்டும் என்றாய். அதற்குப் பிறகும் உதிரம் பட்ட நாட்களில் கோயில் பக்கம் போகவில்லை. வீட்டில் விளக்கேற்றவும் கயலைத்தான் அனுப்பினாய். அறிவியல் டீச்சர் நீ. ஆனாலும் அதைத் தீட்டாகவே எடுத்துக்கொண்டாய், நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் போனபோது, கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்று எங்கெங்கோ பரவியிருந்தது.

"வயித்துல கட்டின்னே இருக்கட்டும்க்கா. நாளைக்கு இவளக் கட்டிக்குடுக்கணும்" என்றாய். ஊருக்கு அப்படியே சொன்னார்கள், கயலுக்கும்.

இன்று அந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களைக் கை தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. நிறைந்த அரங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். கயலின் கை மடியிலேயே கிடந்தது. உடலுறவால் பரவும் என்று அவர் சொன்னதும் பின்வரிசையில் ஒருத்தி, "அப்ப ஒழுங்கா இருக்கவளுக்கு எதுக்குடி ஊசி?" என்றாள். சுற்றிலும் சிரிப்பு. கயலும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டேன். உனக்கு வந்தது இதுதான் என்று. நீ வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்தேன்.

"அப்ப எங்கம்மா தப்பானவங்களா பெரியம்மா?" என்றாள்.

வகுப்பில் செய்வது போல ஓர் உதாரணம்தான் கைகொடுத்தது. "அம்மை போடுறவங்க எல்லாம் தப்புப் பண்ணுனவங்களாம்மா? ஒருத்தரோட மட்டும் குடும்பம் நடத்துனாலும் இது வரலாம். கல்யாணமான முக்காவாசிப் பேரு ஒடம்புக்குள்ள வந்துட்டுப் போயிருக்கும். சிலருக்குத்தான் போகாமத் தங்கிருது."

"அம்மா இந்த ஊசி போட்டிருந்தா?"

நீ அவள் வயதில் இருந்தபோது இந்த ஊசி இங்கே வரவில்லை என்றேன். ஆனால் சோதனை இருந்தது. சீக்கிரம் போயிருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும். அதையும் மறைக்கவில்லை. அவள் அழுதபோது பிடித்துக்கொள்ள நான் இருந்தேன். நீ இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்வரிசைக்கே போய் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர். அவங்க ஒழுங்காத்தான் இருந்தாங்க."

முதல் ஊசிக்குக் கயல்தான் கையை நீட்டினாள்.

உன் நோயின் பெயரை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று சொன்ன குரல், அந்தச் சின்னக் கரகரப்போடு, அப்படியே உன்னுடையது. பஸ்ஸில் வரும்போதும் அதுதான் காதில் இருந்தது. இப்போதும் இருக்கிறது.