நான் போடாத கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சாப்பிட்டு, தூங்கி, சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் ஃபோனில் பாதியைச் சொல்லி மீதியை முழுங்கிவிட்டானாமே, அதனால்தான் நானே எழுதுகிறேன். ஆமாம், என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறது, ஈரலைக் கெடுக்கிற கிருமி. போன வருஷம் டயாலிசிஸ் தொடங்கும்போது எடுத்த பரிசோதனையில் அது இல்லை.

வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு படுத்திருப்பவளுக்கு நர்ஸுகளைத் தவிர வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது? பக்கத்துக் கட்டிலில் ஊசியை உருவிய அதே கையுறையோடு என் கட்டிலுக்கு வருவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மருந்தை எல்லோருக்கும் ஒரே புட்டியிலிருந்து எடுப்பார்கள். கேட்டால், "கண்ண மூடிப் படுங்கம்மா" என்பார்கள். நானும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் பார், அதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன். இந்த வருஷம் மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று தலைமை நர்ஸ் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினாள். பல் பிடுங்கிய இடத்தில் தொற்றியிருக்கலாம் என்று நானே சொல்வதாக எழுதியிருந்தது. "ஒரு கையெழுத்துதாம்மா, ஃபைலுக்கு" என்றாள். நான் பல் பிடுங்கி ஒன்பது வருஷமாகிறது! இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, டிக்கெட் வாங்காமலே வாங்கினேன் என்று சாதித்தவர்களையெல்லாம் இறக்கிவிட்டவளிடமா இந்தக் கதை? "போன வருஷம் சுத்தமா இருந்த ரத்தம் இங்க வந்துதான் கெட்டுச்சு. என்கூடப் படுக்கிற ஏழு பேருக்கும் சோதிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைப் போட்டு உடைத்தேன். உன் அண்ணனுக்கு மானம் போய்விட்டதாம், "ஏம்மா தம்பட்டம் அடிக்கிற" என்றான். திருடியவன்தான் மறைப்பான், நான் எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்டேன்.

சோதித்தார்கள். தையற்காரர் ஒருவருக்கும் கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கும் இருந்தது. அந்தப் பெண் அழுதாள், என் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார், மூன்று பேரும் தொடங்கிவிட்டோம். இப்போது கட்டிலுக்குக் கட்டில் புதுக் கையுறை, தனித்தனி மருந்து. எனக்கு ஊசி குத்துகிற நர்ஸ் மெதுவாக, "நீங்க கத்துனது நல்லதும்மா, எட்டுப் பேருக்கு நாங்க ரெண்டே பேரு, எத்தனை தடவைதான் ஓடுறது" என்றாள். நியாயம்தானே? அதனால் இன்னும் இரண்டு நர்ஸ் வேண்டும் என்று எட்டுப் பேரும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். உன் அண்ணி பயந்துபோய் என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள், ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் ஒட்டும், தட்டில் ஒட்டாது என்று சொல்லி அதை மறுபடி அடுக்கில் வைத்தேன். நான் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அண்ணனிடம் ஜாடையாகச் சொன்னார்களாம். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அதே கட்டிலில்தான் இருப்பேன், வேண்டுமானால் அவர்கள் வேறு இடம் பார்க்கட்டும்.

நீ பதறி ஓடி வராதே, குழந்தையின் பரீட்சை முடியட்டும். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். பிரஷரைக் கவனிக்காமல்தான் நான் கிட்னியை இழந்தேன், இந்த வாரமே போய் உன் பிரஷரைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

உன் அடங்காத
அம்மா