இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழ்

அன்புத் தம்பி இரட்டைக்கு,

ஒற்றை அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் மச்சானின் முழங்கால் மட்டும் தினம் ஒரு புகார் கொடுக்கிறது. நீயும் மகளும் மருமகனும் சுகமா? நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. முதலில் உட்கார். கையில் டம்ளர் இருந்தால் கீழே வை. 212 கிடைத்துவிட்டது.

அதேதான்டா. பழைய காமிக்ஸுக்கெல்லாம் எண்வாரியாகப் பட்டியல் போட்டு அச்சடிப்பாரே ஒரு பெரிய மனிதர், 211-உடன் பத்திரிகை நின்றுவிட்டது, 212 அச்சுக்கே போகவில்லை என்று அடித்துச் சொன்னாரே, அவர் முகத்தில் கரியைப் பூசுகிற மாதிரி என் மேஜைமேல் கிடக்கிறது. நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன். குழாயை மூட மறந்து சமையலறை குளமாகிவிட்டது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொன்னால் கதையைச் சொல்லு கதையைச் சொல்லு என்று உயிரை வாங்குவாய். அதனால்தான் கடிதம். எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், மகளைப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

நேற்று உன் மச்சானுக்கு முடி வெட்ட தெருமுனைச் சலூனுக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாக வாசலிலேயே நின்றுவிடுவேன். நேற்று மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்துச் சுவரில் ஆணியில் ஒரு கட்டுப் புத்தகம் தொங்கியது. யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று மூலையில் ஓட்டை போட்டு, சணல் கோத்து மாட்டியிருக்கிறார் சலூன்காரர். கை சும்மா இருக்குமா, புரட்டினேன். ஒரு சினிமாப் பத்திரிகை, அட்டை கிழிந்த சமையல் குறிப்பு, ஒரு மோட்டார் விளம்பரப் புத்தகம், அதற்கு அடியில் நம் காமிக்ஸ் நாயகன், விமானி. அதே மஞ்சள் கழுத்துத்துணி, அதே கோணல் மூக்கு. 211 போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அட்டையில் பாராசூட்டைக் காணோம். மூலையில் எண்ணைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்புறம் நான் போட்ட சத்தத்தில் சலூன்காரர் கை நழுவி, உன் மச்சானுக்கு ஒரு பக்கத்துக் கிருதா போய்விட்டது. 'நான் என்னமோ பாம்புன்னு நெனச்சேன், புத்தகத்துக்கா இந்தக் கூச்சல்' என்று வீடு வரும்வரை முணுமுணுத்தார். இன்று தொப்பி போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

அந்தக் கட்டு சலூன்காரரின் அப்பா காலத்திலிருந்து தொங்குகிறதாம். இந்த ஒன்றை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் மனிதர் அசையவில்லை. 'இத எடுத்துட்டா காத்திருக்கிறவங்க என் மூஞ்சியையா பார்த்துக்கிட்டு இருப்பாங்க? இதே மாதிரி படம் போட்டது இன்னொண்ணு கொண்டாங்க, மாத்திக்கலாம்' என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எதைக் கொடுப்பேன்? என் வரிசையில் ஒன்றை உருவினால் முன்பல் விழுந்த மாதிரி இருக்குமே.

இந்த இடத்தில் நீ என்னை மன்னிக்க வேண்டும். என்னிடம் ஒரு 88 இருந்தது.

கத்தாதே. நம் சட்டம் எனக்குத் தெரியும், போட்டதே நான்தானே. அப்பாவும் அம்மாவும் தனித்தனி வீடு பார்த்த வருஷம் கட்டில், பீரோ, பாத்திரத்தோடு நம்மையும் பங்கு போட்டார்கள். ஒன்பது வயது நீ அப்பாவோடு, பன்னிரண்டு வயது நான் அம்மாவோடு. நம்மிடம் அறுபத்துநான்கு இதழ்கள். ஒற்றைப்படை எண்ணெல்லாம் எனக்கு, இரட்டைப்படை எண்ணெல்லாம் உனக்கு, இனிமேல் வருவதும் அப்படியே, ஒருவர் எண்ணை மற்றவர் வாங்கக் கூடாது என்று முடிவு. மாதத்துக்கு ஒரு இதழ். முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தின் கடைசிப் பெஞ்சில் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு படிப்போம். 88 வந்த மாதம் நீ வரவில்லை. அப்பா உன்னை வேறு ஊருக்கு அழைத்துப் போயிருந்தார், எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆத்திரத்தில் கடைக்குப் போய் 88-ஐ வாங்கி, அந்தப் பெஞ்சிலேயே அழுதுகொண்டு படித்தேன். அடுத்த மாதம் நீ உன் 88-ஐக் கொண்டுவந்து விரித்தபோது ஒன்றும் தெரியாதவள் போல வாயைப் பிளந்தேன். ஐம்பத்தைந்து வருஷமாக அது என் துணிப்பெட்டியின் அடியில் கிடந்தது.

அந்த 88-ஐத்தான் வீட்டிலிருந்து எடுத்துவந்து சலூன்காரரிடம் கொடுத்தேன். மூலையில் ஓட்டை போட என் கண்ணெதிரே கோணி ஊசியை எடுத்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். அப்போது நாம் இரண்டு பேரும் என்ன ஆட்டம் ஆடினோம். முதலில் எல்லாம் ஸ்டேப்ளர் பின் கழன்று விழும்வரை படித்தவர்கள்தான். நீ ரொட்டிக்கடை வேலைக்குத் தூரமாகப் போனதும் கடிதத்திலேயே கதையை எழுதிக்கொண்டோம். சண்டை வரும் இடத்தில் நீ வெறும் 'டமால்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாய். பத்திரிகை நின்ற பிறகு பழைய பேப்பர் கடை கடையாக ஏறி, நனைந்ததையும் செல்லரித்ததையும் நல்லதாக மாற்றினோம். அதற்கப்புறம் பிடித்தது பைத்தியம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் கிடைத்த காலி உறைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு ஒட்டினேன், கையுறை இல்லாமல் தொடமாட்டேன். நீ 142-இல் மூன்று பிரதி வைத்துக்கொண்டு எதில் பின் துருப்பிடிக்கவில்லை என்று போனில் அரை மணி நேரம் பேசுவாய். என் பிள்ளைகள் அலமாரிப் பக்கம் வந்தாலே எரிந்து விழுவேன். யோசித்துப் பார், அந்த வருஷங்களில் நாம் ஒரு பக்கமாவது படித்தோமா?

212-இன் நிலைமையைச் சொல்கிறேன், கேள். மூலையில் ஓட்டை. அட்டையில் சோப்பு நுரைக் கறை. வில்லனுக்கு யாரோ பேனாவால் மீசை வரைந்திருக்கிறார்கள். உதறினால் யார் யார் தலைமுடியோ கொட்டுகிறது. பட்டியல்காரர் இதற்குப் பத்துக்கு அரை மார்க்கூடப் போடமாட்டார். எனக்கானால் இதைக் கொஞ்சவேண்டும் போல இருக்கிறது. எத்தனை பேர் இதைப் படித்துவிட்டு முடி வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் படிக்கவில்லை. சத்தியமாக. 212 இரட்டைப்படை, உன்னுடையது. அட்டையோடு நிறுத்தி எக்ஸ்ரே உறையில் போட்டுவிட்டேன். ஒரு 88 செய்த பாவமே போதும். 211-இன் கடைசியில் நம் விமானி பாராசூட் கயிற்றில் தொங்க, மேலே ஒருவன் கத்தியால் கயிற்றை அறுக்க, 'முடிவு அடுத்த இதழில்' என்று போட்டுவிட்டுப் போனார்கள். நாற்பத்துநான்கு வருஷமாகத் தொங்குகிறான், பாவம், கை வலிக்காதா?

இப்போது உன் போன கடிதத்துக்கு வருகிறேன். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வலது கண் போய்விட்டது, இடது கண்ணுக்கு டாக்டர் இரண்டு தடவை ஆபரேஷன் தேதி கொடுத்தும் நீ போகவில்லை. 'மகள் வீட்டில் இடமில்லை, இரட்டைப்படை எல்லாவற்றையும் பெட்டி கட்டி அனுப்புகிறேன், உன் அலமாரியிலேயே சேர்த்து வை, எனக்கு இனி எதற்கு' என்று எழுதியிருக்கிறாய். எதற்கா? உன்னை நேரில் பார்த்தால் காதைத் திருகியிருப்பேன்.

அனுப்பாதே. அனுப்பினால் பெட்டியை வாசலோடு திருப்பிவிடுவேன். ஏன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. வீடு பிரிந்த அன்று அப்பா, 'முதல் முப்பத்திரண்டு இதழ் உனக்கு, மீதி அவளுக்கு' என்று சொன்னார். அது சுலபம், ஆளுக்கு முழு முழுக் கதையாகக் கிடைத்திருக்கும். ஒற்றை, இரட்டை என்று பிடிவாதம் பிடித்தது நான். எந்தக் கதையும் முழுசா இல்லையே அக்கா என்று நீ அழுதாய். முழுசாக இருந்திருந்தால் நீ எதற்காக அந்தப் பெஞ்சுக்கு வந்திருப்பாய்? அதற்காகத்தான் அப்படிச் செய்தேன். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்க என்னால் முடியாது.

அதனால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு. பயமாகத்தான் இருக்கும், நானும் எத்தனையோ பேரை ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தவள். போய்ப் படுத்துக்கொள். கண் கட்டைப் பிரித்ததும் இங்கே வா. 210-ஐ மறக்காமல் எடுத்து வா, விமானி எப்படிக் கயிற்றுக்கு வந்தான் என்பதே எனக்கு மறந்துவிட்டது. பஸ் நிலையத்தில் பெஞ்சை எடுத்துவிட்டார்கள், என் சமையலறைப் பெஞ்ச் இருக்கிறது. கண் நன்றாகத் தெரிந்தால் நீ படி. தெரியாவிட்டால் நான் சத்தமாகப் படிக்கிறேன், 'டமால்' உட்பட. எப்படியானாலும் கடைசிப் பக்கத்தை நீ பக்கத்தில் உட்காராமல் திருப்பமாட்டேன்.

உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராது. நல்லபடியாக எழுந்து வா, கண்ணா. இந்த முறை மூன்று மணி ஆனாலும் நான் எழுந்து போகமாட்டேன்.

என்றும் உன்,
ஒற்றை அக்கா