கடைசிப் பெட்டியில ஏறு

14 ஜூலை 2025
ஹோல்டன்பாக், ஜெர்மனி

அன்புள்ள அறிவு,

நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவின் முட்டி வலி குறைந்ததா? நான் கேட்டால் "அதெல்லாம் சரியாப் போச்சு" என்பார். நீ உண்மையைச் சொல்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. இரண்டு முறை தவறிய அதே பாடம். இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் பல்கலைக்கழகத்தில் என் பெயரை நீக்கிவிடுவார்கள். பேராசிரியர் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். இந்த நேரம் பார்த்து, நான் தினமும் போகும் பாதையில் தண்டவாள வேலையாம், வண்டி ஓடாது. என் மாதப் பாஸ் மெதுவான வண்டிகளில்தான் செல்லும், உனக்கே தெரியும். வேறு வழி பார்த்துச் சொல்லடா. எனக்குப் படிக்கவே நேரம் போதவில்லை.

உன் அக்கா,
மணிமொழி

15 ஜூலை
பெரம்பலூர்

அக்காஆஆ,

கெடைச்சிருச்சு! நாலு ஆப்ல பாத்துட்டேன். ஆறே முக்கால் வண்டி. மாறவே வேணாம், நேரா உன் யுனிவர்சிட்டி ஊரு!

இதைத் தேட நேத்து அரியலூர் ஸ்டேஷன்ல போயி ஒக்காந்திருந்தேன். அங்கதான் எனக்கு மூளை ஓடும். டீக்கடை காசிநாதன் அண்ணன் என்னையக் கேலி பண்ணி ஓட்டுறாரு: "ஏன்டா, உங்க பெரம்பலூருக்கு ரயிலே கெடையாது. நீ ஜெர்மனி ரயிலுக்கு கைடா?" வுடுவனா? "அண்ணே, ஒங்க ஸ்டேஷன் டைமும் மனப்பாடம், அவங்க டைமும் மனப்பாடம்"னுட்டேன்.

ஒண்ணே ஒண்ணு. கடைசிப் பெட்டியில ஏறு. நம்ம ஊருல அன்ரிசர்வ்டுல அப்படித்தானே எடம் புடிப்போம்? கூட்டம் இருக்காது. எறங்க வேண்டியது கடைசி ஸ்டாப்பு, அதனால தலை நிமிராமப் படிச்சுக்கிட்டே போ.

அப்பா முட்டி அப்படியேதான் இருக்கு. அதை நெனைச்சுக் கொழம்பாத.

உன் தம்பி, உன் ஸ்டேஷன் மாஸ்டர்,
அறிவரசன்

18 ஜூலை
ஹோல்டன்பாக்

அறிவு,

தேர்வுக்குப் போய்ச் சேரவில்லை.

நீ சொன்னபடி கடைசிப் பெட்டியில் ஏறினேன். இடம் கிடைத்தது, படித்தேன். நடுவில் ஒரு ஊரில் வண்டியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பாதி நான் போக வேண்டிய ஊருக்கு, பின்பாதி வேறு பக்கம். இங்கே அது வழக்கமாம். ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள், நான் நிமிரவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சுற்றிலும் மக்காச்சோளக் காடு, நம் பாடாலூர் பக்கம் மாதிரியே. ஒரு நிமிடம் சிரிப்புகூட வந்தது. அப்புறம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பேராசிரியருக்கு ஃபோன் செய்தேன். கோபப்படவில்லை. "நடந்ததை அப்படியே எழுதி அனுப்பு, திங்கட்கிழமை தேர்வுக் குழுவில் பேசிப் பார்க்கிறேன்" என்றார். இப்போது கை ஓடவில்லை. நாளை எழுதுவேன். அப்பாவிடம் சொல்லாதே.

மணி

19 ஜூலை
பெரம்பலூர்

அக்கா, அக்கா,

சோறு எறங்கலக்கா. ஏறச் சொன்னதும் நாந்தான், நிமிராதன்னு சொன்னதும் நாந்தான். வண்டி பிரியும்னு ஆப்ல பொடி எழுத்துல போட்டிருக்கு. இப்பத்தான் பாக்குறேன். ரயில் ரயில்னு அவ்வளவு பீத்திக்கிட்டேன்.

ஃபோன் எடுக்க மாட்டேங்குற. அதான் நானே ஒண்ணு பண்ணிட்டேன். அங்க வண்டி லேட்டானா ரயில்வேல ஒரு சீட்டு தருவாங்களாம், வீடியோல பாத்திருக்கேன். உன் வண்டி லேட்டாவல, கரெக்டா போயிருக்கு, அதான் கொடுமை. தப்பான பாதியில ஒக்காந்துட்டேன்னு சொன்னா எவன் பாவம் பாப்பான்? ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு ஒரு சீட்டு செஞ்சு, உன் மெயில்லேர்ந்தே சாருக்கு அனுப்பிட்டேன். அட்மிஷன் போட்டதுலேர்ந்து உன் யுனிவர்சிட்டி மெயிலெல்லாம் நாந்தானே எழுதுறேன், பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்குல்ல. அச்சு அசலா இருக்குக்கா. நீ ஒண்ணும் எழுதிராத. சிறுவாச்சூர் ஆத்தாவுக்கு வேண்டியிருக்கேன். ப்ளீஸ்க்கா, ஃபோன எடு.

அறிவு

22 ஜூலை
ஹோல்டன்பாக்

அறிவரசனுக்கு,

உன் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். பேராசிரியர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எதை நம்பட்டும்?" என்று கேட்டார். தம்பி செய்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், என் பெயரில் நீ எழுதுவது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்பார்.

நான் எழுதியதைப் படித்து இன்னொரு தேதி தருவதாகத்தான் இருந்தார்களாம். அதையும் அவரே சொன்னார். இனி இல்லை.

உன் மேல் பாசம் போகவில்லை. ஆனால் இரண்டு வருடமாக இந்த நாட்டில் ஒரு அறிவிப்புப் பலகையைக்கூட நான் படித்ததில்லை. எல்லாம் நீ படித்துச் சொன்னாய்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி வருகிறேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எந்த வண்டி என்று உனக்குச் சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

மணிமொழி

2 ஆகஸ்ட்
அரியலூர் ஸ்டேஷன்

அக்கா,

இதைப் பாப்பியான்னு தெரியல. காலைலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். மெட்ராஸ்லேர்ந்து வந்து நின்ன வண்டி எல்லாத்தையும் பாத்துட்டேன். காசிநாதன் அண்ணன் "எந்த வண்டிடா?"ன்னாரு. தெரியாதுண்ணேன்னு சொன்னேன். ஓட்டல. டீயக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

இப்பத்தான் அப்பா ஃபோன் பண்ணாரு. நீ பஸ்ல வந்து எறங்கி வூட்டுல சாப்புட்டுக்கிட்டு இருக்கியாம். பின்னாடி உன் குரல் கேட்டுச்சு, கொழம்பு போதும்னு சொன்ன. அப்பா "தம்பிகிட்ட பேசுறியாம்மா?"ன்னாரு. அப்புறம் தட்டு சத்தம்தான் கேட்டுச்சு.

வூட்டுக்கு வரட்டுமாக்கா? நீ சொல்ற வரைக்கும் இங்கயே ஒக்காந்திருக்கேன்.

அறிவு