டீசலுக்குத் தூரம் வேணும்

மார்ச் 3

மாமா,

இல்ல, புது பிக்கப் வண்டிக்கு டீசலே வேணாம்னு நான் சொல்லவே இல்ல. எப்படி ஓட்டுவீங்கன்னுதான் கேட்டேன். போன்ல நீங்க 'ம்'னு சொல்லி வச்சுட்டீங்க. 'ம்'முக்கு எந்த எஞ்சின் பொருந்தும்னு எங்க ஒர்க்‌ஷாப்புல யாருக்கும் தெரியல. அதனாலதான் லெட்டர். உங்க கடைக்குக் கண்ணாடி இறக்குற லாரிக்காரர் எங்க வாசல் வழியாத்தான் போறார், அவர்கிட்டயே பதிலக் குடுத்து விடுங்க.

எந்த பிக்கப் ரொம்ப நாள் உழைக்கும்னு கேட்டா எல்லாரும் கம்பெனி பேரச் சொல்றாங்க. பேர்ல ஒண்ணும் இல்ல மாமா. போன வாரம் ரெண்டு டீசல் வண்டி வந்துச்சு. ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின். ஒண்ணு மீன் ஏத்திக்கிட்டு ஹைவேல ஓடுறது. ஓடாத ஓட்டம் ஓடியும் எஞ்சின் பூனை மாதிரி உறுமுது. இன்னொண்ணு தெருவுக்குள்ள தண்ணி கேன் போடுறது. அதுல பாதிகூட ஓடல, மூச்சு முட்டி நிக்குது. ஏன்னா புது டீசல்ல புகையப் பிடிக்க ஒரு ஃபில்டர் வச்சிருக்கான். தூரமா ஓடி நல்லா சூடானாத்தான் அதுல சேந்த கரி எரியும். தெருவுக்குள்ளயே சுத்தினா அடைச்சுக்கும். உங்க பழைய வண்டியில அந்த ஃபில்டர் கெடையாது, அதான் நீங்க பண்ணின கொடுமையெல்லாம் தாங்குச்சு.

அதனால உங்க ஒரு வாரத்த எழுதுங்க. எங்க போறீங்க, என்ன லோடு, எவ்ளோ தூரம். வெக்கப்படாம எழுதுங்க.

உங்க
உருப்படாதவன்


மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். 'உருப்படாதவன்' என்று கையெழுத்துப் போடாதே. படிப்பைப் பாதியில் விட்டாய், அவ்வளவுதான்.

நீ கேட்டபடி என் வாரம் இது. காலையில் கடையில் கண்ணாடி அறுப்பு. பிறகு வண்டி. கட்டுகிற வீடுகள், கடைகள், எல்லாம் பத்து நிமிடத் தூரம்தான். வண்டியை அணைக்காமல் நிறுத்தி இறக்கிவிட்டு வருவேன். ஞாயிறு மட்டும் ஹைவேயில் அடுத்த ஊர் வரை போய் வருவேன். போக வர மூன்று மணி நேரம். லோடு கிடையாது.

வண்டி நாலு கதவு உள்ளதாக, பின்சீட்டோடு இருக்கட்டும். தினமும் பெரிய வண்டி ஓட்டுகிற ஒருவர் டீசல்தான் நல்லது என்கிறார். ஆனாலும் உன் முடிவு எதுவோ அதுதான்.

அன்புடன்,
மாமா


மார்ச் 12

மாமா,

நாலு கதவா? பின்சீட்டு வந்தா பின்னாடி லோடு ஏத்துற தொட்டி சின்னதாயிடும். உங்க கண்ணாடி ஸ்டாண்டு அதுல பாதிதான் நிக்கும், மீதிய யார் தலையில வைக்கப் போறீங்க? வண்டியில போறது நீங்க, கண்ணாடி பிடிக்க ஒரு ஆள். ரெண்டு பேருக்கு எதுக்கு அஞ்சு சீட்டு?

அப்புறம் ஞாயித்துக்கிழமை. லோடு இல்லாம மூணு மணி நேரம். அக்கா சினிமாவுக்குக் கூப்பிட்டப்பவே 'டீசல் வீணாப் போகும்'னு சொன்ன ஆளு நீங்க. இதுல 'பெரிய வண்டி ஓட்டுகிற ஒருவர்' வேற. மூணையும் சேத்து எங்க மேஸ்திரிகிட்ட சொன்னேன். "எஞ்சின்ல ஒண்ணும் இல்லடா, டிரைவர்கிட்டதான் ஏதோ சத்தம் வருது"ன்னார்.

யாரு மாமா அது?

காலேஜ விட்டு வந்தப்ப சொந்தக்காரங்க பூரா என்னைத் திட்டுனாங்க. நீங்க வண்டிய எடுத்து 'ஏறு'ன்னீங்க. இந்த ஒர்க்‌ஷாப் வாசல்ல இறக்கி விட்டுட்டு, கண்ணாடி தூக்குற உங்க தோல் கையுறையக் கழட்டிக் குடுத்தீங்க. ஏன்டான்னு ஒரு கேள்வி கேக்கல. சூடான சைலன்சரக் கழட்டும்போதெல்லாம் இன்னும் அதத்தான் மாட்டிக்கறேன். ஆனா நான் உங்க அளவுக்கு நல்லவன் இல்ல. கேப்பேன்.

உங்க
உருப்படாதவன்
(நீங்க பதில் சொல்ற வரைக்கும் இப்படித்தான்)


மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

நீ யார் என்று கேட்டவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். கணவர் விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. எட்டு வயதில் ஒரு மகள். அந்த ஊரில் ஒரு கடைக்குக் கண்ணாடி போட்டபோது பக்கத்தில் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கும் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அது உடைந்தது. மறுபடியும் உடைந்தது. மூன்றாவது முறை போனபோது அந்தச் சிறுமி பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவருக்குச் சம்மதம். நான்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் அக்கா கண்ணை மூடி ஆறு வருடம். நீ என்னை மாமா என்று கூப்பிடுவது அவளால் வந்தது. இன்னொருவர் இந்த வீட்டுக்கு வந்தால் நான் உனக்கு யார்? இதைத்தான் போனில் கேட்க முடியவில்லை. நீ கூப்பிடாவிட்டால் அப்படிக் கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை. வேண்டாம் என்று ஒரு வரி எழுது, ரெண்டு கதவு வண்டியே போதும். வருத்தப்பட மாட்டேன்.

மாமா


மார்ச் 22

மாமா,

படிச்சுட்டு நேரா ஒரு வண்டிக்கடியில போய்ப் படுத்துட்டேன். "அங்க என்னடா பாக்குற?"ன்னார் மேஸ்திரி. ஆயில் ஒழுகுதான்னு பாக்கறேன்னேன். ஒழுகினது ஆயில் இல்ல.

உங்களுக்குக் கண்ணாடி அறுக்கத்தான் தெரியுது, சொந்தம் தெரியல. அக்கா போனதும் 'மச்சானை எதுக்கு வீட்டோட வச்சிருக்கே'ன்னு உங்க ஆளுங்களே கேட்டாங்க. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். "அவன் என் மாப்ள. இங்கதான் இருப்பான்"னீங்க. நீங்க பேசி நான் கேட்டதுலயே நீளமான பேச்சு அதுதான். அதுல அக்கா பேரே வரல. அன்னிக்கே நீங்க உங்க சொந்தப் பொறுப்புல மாமா ஆயிட்டீங்க.

மாமாவோட பொண்டாட்டி எனக்கு என்ன வேணும்? அக்கா. பஸ் ஓட்டினாலும் அக்காதான். அக்கா பொண்ணுக்கு நான் யாரு? மாமா. என்னை அப்படிக் கூப்பிட இதுவரைக்கும் ஒரு நாதியும் இல்ல. இப்ப ஜன்னல் உடைக்கிற ஒருத்தி கெடைச்சிருக்கா. அவளப் போய் வேணாம்பேனா? எங்க அக்கா சீட்டுல யாரும் உக்கார முடியாது, அது தனி. அதுக்காக வண்டியில வேற சீட்டே இருக்கக் கூடாதா?

இப்ப எஞ்சின். அவங்க சொல்றது தப்பில்ல, தினமும் தூரம் ஓடுற பஸ்ஸுக்கு டீசல் சரி. உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை ஓட்டம் இருக்கிற வரைக்கும் சரி, வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் சுத்தமாயிடும். ஆனா அவங்களக் கூட்டிட்டு வந்துட்டீங்கன்னா அந்த ஓட்டம் நின்னுடும். அப்புறம் பூரா தெருவுக்குள்ளதான், டீசல் அடைச்சுக்கும். பெட்ரோல்தான் உழைக்கும். அதுலயும் டர்போ இல்லாத பெரிய எஞ்சினாப் பாருங்க. சின்ன எஞ்சின டர்போ வச்சு விரட்டினா பாகமும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி.

ஆக இதுல நான் முடிவு பண்ண ஒண்ணும் இல்ல. வாரா வாரம் போய் எட்டிப் பாத்துட்டு வரப் போறீங்கன்னா டீசல். கையோட கூட்டிட்டு வரப் போறீங்கன்னா பெட்ரோல். ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. 'ம்'னு எழுதினா அதே லாரியில ஏறி வந்துடுவேன்.

உங்க
மாப்ள


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெட்ரோல்.

நாலு கதவு. அவரிடம் சொல்லியாயிற்று.

உன் கையெழுத்து மாறியிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அன்றைக்குக் கண்ணாடி அறுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவர்களைப் பார்க்கப் போனேன். ஞாயிறு இல்லை, புதன்கிழமை.

மாமா


ஏப்ரல் 5

மாமா,

புதன்கிழமை கடையச் சாத்தினீங்களா? மேஸ்திரிகிட்ட சொன்னேன், ஸ்பேனரக் கீழ போட்டுட்டார்.

ஸ்டாண்டப் பத்திக் கவலை வேணாம். தொட்டிக்குள்ள வைக்காம, வண்டியோட ஒரு பக்கத்துல நீளத்துக்கும் வர்ற மாதிரி இங்கயே வெல்டு பண்ணி எடுத்துட்டு வர்றேன். கண்ணாடி ஏத்தியிருக்கும்போது அந்தப் பக்கக் கதவு திறக்காது. பாப்பாவ மறு பக்கமா ஏறச் சொல்லுங்க. பந்து வீட்டுலயே இருக்கட்டும்.

பழைய வண்டிய யாருக்கும் குடுத்துடாதீங்க, எனக்கு வேணும். எங்க அக்கா உக்காந்த சீட்டோட ஓரம் கிழிஞ்சிருக்கும், அதத் தைக்க வேணாம். அப்படியே விடுங்க. நீங்க ஞாயித்துக்கிழமை ஓட்டத்த நிறுத்தப் போறீங்க, இனிமே அது என்னோடது. ஃபில்டர் இல்லாத பழசுன்னாலும் அதுவும் டீசல்தானே. டீசலுக்குத் தூரம் வேணும். இங்கேர்ந்து உங்க வீடு நல்ல தூரம்.

பஸ் ஓட்டுற அக்காகிட்ட எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்க. ஜன்னல் உடையலன்னாலும் வருவேன்னு சொல்லுங்க. இந்தா, மேஸ்திரி கத்துறார், தண்ணி கேன் வண்டி மறுபடியும் நடு ரோட்டுல நின்னுடுச்சாம். போறேன் மாமா.